முச்சக்கரவண்டி உரிமையாளர் சங்கம், யாழ்ப்பாணம்: 2025ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, நிர்வாக சபை உறுப்பினர்களே, அங்கத்தவர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

வழமையான விடயங்களை விரைவாகச் சொல்லிவிட்டு, ஆண்டு முழுக்க எங்கள் தரிப்பிடங்களில் வாய் ஓயாமல் பேசப்பட்ட ஒரு விடயத்துக்குக் கூடுதல் நேரம் எடுக்கப் போகிறேன். மின்சார ஓட்டோ, அதற்கு அரசாங்கம் தருவதாகச் சொல்லப்படும் வரிச் சலுகை, இரண்டும்தான் அந்த விடயம். தலைவர் அனுமதி தந்துவிட்டார். தேத்தண்ணீர் ஆறிவிடும் என்று பொருளாளர் மட்டும் எச்சரித்திருக்கிறார்.

நிர்வாக சபை மாதம் ஒருமுறை கூடியது. நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்ததால் அந்த மாதக் கூட்டம் டிசம்பருக்குத் தள்ளிப்போனது. நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களும் வீதித்தடைக்கு ஏற்பத் தற்காலிக இடங்களில் நின்று ஓடினோம். வயதானவர்களையும் காவடி எடுத்தவர்களையும் காசு வாங்காமல் ஏற்றி இறக்கிய இளம் அங்கத்தவர்களுக்குச் சங்கம் நன்றி சொல்கிறது. இந்த ஆண்டு எங்களை விட்டுப் பிரிந்த மூத்த அங்கத்தவர்களின் குடும்பங்களுக்கு மரண உதவி நிதி உரிய நேரத்தில் கொடுக்கப்பட்டது. மீற்றர் பூட்டும் தகராறு இன்னும் முடியவில்லை. அதை இன்று தொடங்கினால் விடிந்துவிடும். அதற்கென்று தனிக் கூட்டம் வைப்போம்.

இனி விடயத்துக்கு வருகிறேன். 2020 மார்ச்சில் மூடப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரி 1ஆம் திகதிதான் திறந்தது. ஏறக்குறைய ஐந்து வருடம் புது வண்டியே பார்க்காத நாடு இது. எங்கள் அங்கத்தவர்களில் பலருடைய ஓட்டோக்கள் அதற்கு முன்பே கிழண்டியவை. அதனால் கதவு திறந்ததும் எல்லோருடைய வாயிலும் ஒரே கேள்வி: "கரண்ட் ஓட்டோவுக்கு வரி குறைச்சிருக்காமே, எடுக்கலாமோ?" பதில் தேடுவதற்கு நிர்வாக சபை ஒரு சிறு குழுவை நியமித்தது. அக்குழு பார்த்ததையும் கேட்டதையும்தான் இங்கே சொல்கிறேன். இடையில் வரும் கருத்துகள் என்னுடையவை.

முதலில் வரி எப்படிப் போடப்படுகிறது என்று பார்ப்போம். பெற்றோல் காருக்கு எஞ்சினின் கொள்ளளவை வைத்து உற்பத்தி வரி கணக்கிடுகிறார்கள். மின்சாரக் காருக்கு மோட்டரின் வலுவை வைத்து, கிலோவாட்டுக்கு இவ்வளவு என்று போடுகிறார்கள். 2025இன் தொடக்கத்தில் வந்த வீதப்படி, ஒரு வருடத்துக்கு மேற்படாத மின்சாரக் காருக்கு 50 கிலோவாட் வரை ஒரு கிலோவாட்டுக்கு 18,100 ரூபாய். 50க்கும் 100க்கும் இடையில் 24,100 ரூபாய். 100ஐத் தாண்டி 200 வரை 36,200 ரூபாய். இதற்கு மேல் சுங்க இறக்குமதித் தீர்வை 20 சதவீதம், அந்தத் தீர்வையின் பாதி மேலதிக வரியாக இன்னொன்று. எல்லாவற்றையும் கூட்டி அதன் தலையில் 18 சதவீத வற் வரி.

சலுகை எங்கே இருக்கிறது? பெரும்பகுதி சொகுசு வரியில் இருக்கிறது. பெற்றோல் கார் 50 இலட்சத்தைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு 100 சதவீதம் சொகுசு வரி. டீசல் என்றால் 120 சதவீதம். மின்சாரக் காருக்கு எல்லை 60 இலட்சம், வீதமும் 60 சதவீதம்தான். நல்ல வித்தியாசம், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த வித்தியாசத்தை அனுபவிக்க வேண்டுமென்றால் முதலில் 50 இலட்சத்துக்கு மேற்பட்ட கார் இறக்க வேண்டும். எங்கள் தரிப்பிடத்தில் அப்படி ஒருவரும் இருப்பதாகச் சந்தாப் புத்தகம் காட்டவில்லை.

ஓட்டோவின் மோட்டர் சிறியது. பத்துக் கிலோவாட்டுக்குள் அடங்கிவிடும். ஆகவே கிலோவாட் கணக்கில் பெரிய தொகை வரப்போவதில்லை. விலையைத் தூக்குவது பற்றரி. வற் வரி வண்டியின் முழு விலைக்கும் போடப்படுவதால் பற்றரியும் அதற்குள் அகப்படுகிறது. சில வருடம் கழித்து மாற்றுப் பற்றரி வாங்கும்போது திரும்பவும் அதே வரி. சலுகை பற்றிப் பேசுகிறவர்கள் யாரும் இந்த இரண்டாவது பற்றரியைப் பற்றிப் பேசுவதில்லை. ஓட்டோக்காரனுக்கு அதுதான் முதல் கேள்வி.

கிலோவாட் கணக்கில் இன்னொரு சிக்கலும் 2025இல் நாடறிய வந்தது. ஒரு சீனக் காரின் மோட்டர் 100 கிலோவாட்டா, 150 கிலோவாட்டா என்று சுங்கத்துக்கும் இறக்குமதியாளருக்கும் வழக்காகி, வாகனங்கள் துறைமுகத்தில் தேங்கின. பிறகு வங்கி உத்தரவாதத்தின் பேரில் விடுவித்தார்கள். கணக்கைப் போட்டுப் பார்த்தால் ஏன் இந்தச் சண்டை என்று விளங்கும். 100 கிலோவாட் என்றால் உற்பத்தி வரி 24 இலட்சத்து 10 ஆயிரம். 150 என்றால் 54 இலட்சத்து 30 ஆயிரம். ஒரு இலக்கம் மாறினால் 30 இலட்சம் மாறுகிறது. "அப்ப மோட்டரைக் கழட்டித் தராசில வைக்க வேணுமோ?" என்று கூட்டத்தில் ஒரு தம்பி கேட்டார். சிரித்தோம், ஆனால் பதில் சொல்ல எங்களில் ஒருவரிடமும் ஒன்றும் இருக்கவில்லை.

இனி என் மனதை உறுத்தும் இடம். இந்த நாட்டில் மின்சார வாகன வரி ஒரு நிலையில் நின்றதே இல்லை. 2015இல் வரி 5 சதவீதமாக இருந்தபோது பாவித்த மின்சாரக் கார்கள் அள்ளுப்பட்டு வந்தன. அதே ஆண்டு நவம்பரில் வந்த வரவு செலவுத் திட்டம் அதை 50 சதவீதமாக ஏற்றியது. இரண்டு வருடம் கழித்து, 2017 நவம்பரில், நிதி அமைச்சராக இருந்த மங்கள சமரவீர 2040க்குள் எல்லா வாகனமும் மின்சாரத்திலோ ஹைபிரிட்டிலோ ஓட வேண்டும் என்றார். மின்சாரக் காரின் வரியில் குறைந்தது 10 இலட்சம் ரூபாயைக் குறைத்தார். எரிபொருளில் ஓடும் ஓட்டோவுக்கு வரி கூடியது. காபன் வரியும் வந்தது. 2020 பிறந்ததும் காபன் வரி போய்விட்டது. மார்ச்சில் இறக்குமதியே போய்விட்டது. 2022இல் திரும்ப ஒரு சின்னக் கதவு திறந்தார்கள்: வெளிநாட்டில் தொழில் செய்யும் இலங்கையர் வங்கி வழியாக டொலர் அனுப்பினால், அனுப்பிய தொகையின் பாதி பெறுமதிக்கு மின்சார வாகனம் இறக்கலாம். நாலு சக்கரத்துக்குக் குறைந்தது 20,000 டொலர் அனுப்பியிருக்க வேண்டும். அது டொலர் பஞ்சத்துக்குப் போட்ட திட்டம். மின்சார வண்டி அதற்கு ஒரு சாட்டு.

ஓட்டோ லீசிங் நாலைந்து வருடத்துக்கு எடுக்கிறோம். வரியோ ஒவ்வொரு நவம்பரும் மாறலாம். இன்று கூடிய விலைக்கு எடுத்தவர், அடுத்த வருடம் வரி குறைந்தால் தன் வண்டியின் பெறுமதி ஒரே இரவில் இறங்குவதைப் பார்க்க வேண்டும். வரி கூடினால் பற்றரிக்கும் உதிரிப்பாகத்துக்கும் அழ வேண்டும். குழு விசாரித்த லீசிங் கம்பனிகளும் இதையே வேறு விதமாகச் சொன்னார்கள். மின்சார ஓட்டோவைத் திரும்பப் பிடித்தால் என்ன விலைக்குப் போகும் என்று தெரியாததால் முற்பணம் கூடுதலாகக் கேட்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

எங்கள் ஆட்கள் உலகம் முழுக்க இருப்பதால் வெளிநாட்டு நிலவரத்தைக் கேட்டறிவது கஷ்டமாக இருக்கவில்லை. நோர்வேயில் இருந்து திருவிழாவுக்கு வந்த உறவுகளிடம்தான் அதிகம் கேட்டோம். அங்கே 1990களிலேயே சலுகை தொடங்கி, 2001இல் வற் வரியிலிருந்தும் மின்சாரக் காரை விலக்கிவிட்டார்கள். 2023இலிருந்துதான் 5 இலட்சம் குரோனருக்கு மேற்பட்ட தொகைக்கு வரி வாங்கத் தொடங்கினார்கள். இருபது வருடத்துக்கு மேல் ஒரே பாதையில் போயிருக்கிறார்கள். 2024இல் அங்கே விற்ற புதுக் கார்களில் ஏறத்தாழ 89 சதவீதம் மின்சாரக் கார். கனடாவில் மத்திய அரசு கொடுத்த 5,000 டொலர் உதவி நிதி முடிந்து 2025 ஜனவரியில் நின்றுவிட்டது. அமெரிக்காவில் 7,500 டொலர் வரிக்கழிவு 2025 செப்டெம்பர் 30உடன் முடிந்தது. கடலுக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் மின்சார வாகனத்துக்கு வீதி வரி முழுவதும் விலக்கிவிட்டார்கள். 2025 டிசம்பர் 31 வரை என்று 2023ஆம் ஆண்டுக் கொள்கையிலேயே முன்கூட்டி எழுதி வைத்தார்கள். இந்தியாவில் மின்சார வாகனத்துக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம்தான். எங்களுடைய 18க்குப் பக்கத்தில் அதை வைத்துப் பாருங்கள்.

பெற்றோலிலேயே இருந்துவிடலாமே என்று மூத்தவர்கள் கேட்கிறார்கள். 2022 ஜூனில் 92 ஒக்டேன் லீற்றர் 470 ரூபாய்க்குப் போனதும், வரிசையில் ஓட்டோவுக்குள்ளேயே படுத்து எழும்பியதும், பிறகு கியூஆர் குறியீட்டைக் காட்டி எரிபொருள் வாங்கும் முறை வந்து வாரத்துக்கு 5 லீற்றர் என்று அளந்து ஊற்றியதும் அவர்களுக்கும் தெரியும். பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் வண்டி ஓட்டிய ஊர் நாங்கள். எதில் ஓடினாலும் ஓட்டுவோம். அதை வைத்து யாரும் எங்களைச் சோதிக்க வேண்டியதில்லை.

மின்சாரத்துக்கு இந்த மண் பொருத்தமானது. யாழ்ப்பாணத்தில் ஏற்றம் கிடையாது. பட்டணத்திலிருந்து காங்கேசன்துறை 20 கிலோமீற்றரை ஒட்டி, பருத்தித்துறையும் குறிகட்டுவானும் அதைவிடக் கொஞ்சம் தூரம். ஒரு நாள் ஓட்டம் ஒரு சார்ஜுக்குள் அநேகமாக முடிந்துவிடும்.

சார்ஜ் எங்கே போடுவது என்பதுதான் அடுத்த தலையிடி. வீட்டில் போட்டால் வீட்டு மின் கட்டணம் படிப்படியாக ஏறும் முறை. ஓட்டோவின் யூனிட் சேரும்போது வீட்டின் மொத்த யூனிட் விலை கூடிய படிக்குப் போய்விடும். பெற்றோலில் மிச்சம் பிடித்ததில் ஒரு பங்கை மின்சார சபை வாங்கிக்கொள்ளும். மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை நாட்டின் உச்ச நேரம். நாங்கள் ஓட்டம் முடிந்து வீட்டுக்குப் போய்ச் செருகுவதும் அநேகமாக அந்த நேரம்தான். இன்னொரு பக்கம் பாருங்கள்: 2025 சித்திரை வருடப்பிறப்பு விடுமுறையில், பகலில் மின்சாரம் மிஞ்சுகிறது என்று கூரையில் சூரியத்தகடு வைத்தவர்களை நிறுத்திவைக்கச் சொன்னார்கள். வெயில் உச்சியில் நிற்கும் மத்தியானம்தான் எங்களுக்கு ஓட்டம் குறைவான நேரமும். தரிப்பிடத்தில் வேப்பமர நிழலில் கடதாசி விளையாடும் நேரத்தில் பற்றரி நிறைந்துவிடும். மிஞ்சுகிற மின்சாரத்தைப் பகலில் மலிவாகத் தந்தால், கார்களுக்குக் கொடுக்கும் சொகுசு வரிச் சலுகை எங்களுக்கு வேண்டவே வேண்டாம்.

எங்கள் மின்சாரமும் புகையில்லாமல் வருவதில்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். நுரைச்சோலையில் நிலக்கரி எரிகிறது. சுன்னாகத்தில் மின் நிலைய எண்ணெய் கிணற்றுத் தண்ணீரில் கலந்த கதை நம் வீட்டுக் கதை. அது தவிர, பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின் நிலையத்தில் ஒரு குரங்கு ஏறியதால் நாடே இருண்டது என்று அமைச்சர் சொன்னதும் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அன்று முழு ஓட்டோவும் கரண்டில் ஓடியிருந்தால் அடுத்த நாள் காலையில் ஆஸ்பத்திரிக்கு யார் ஏற்றிப்போவது? ஆகவே தரிப்பிடத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் மாறுவதை நான் விரும்பவில்லை. குழுவில் இதற்கு எதிர்க்கருத்தும் இருந்தது. இளம் அங்கத்தவர்கள் சிலர், முந்தியவருக்கே லாபம் என்கிறார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஏற்கனவே எடுத்து ஓட்டுகிறவர்கள் நாளாந்தச் செலவில் நிம்மதி என்றுதான் சொல்கிறார்கள்.

பழைய பெற்றோல் ஓட்டோவின் எஞ்சினைக் கழற்றி மோட்டர் பூட்டும் முறை பற்றியும் பலர் கேட்டார்கள். ஐக்கிய நாடுகள் அபிவிருத்தித் திட்டத்தின் உதவியோடு தெற்கில் இது முன்னோட்டமாகச் செய்யப்பட்டிருக்கிறது. யாரும் அவசரப்பட்டுத் தெரிந்த கராஜில் கொடுத்து மாற்ற வேண்டாம். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் மாற்றத்தைப் பதியாவிட்டால் காப்புறுதி கை கொடுக்காது, வருமான அனுமதிப்பத்திரமும் சிக்கலாகும்.

குழுவின் பரிந்துரையை நிர்வாக சபை ஏற்று, கீழ்வரும் கோரிக்கைகளை மகஜராக மாவட்டச் செயலகம் ஊடாக நிதி அமைச்சுக்கு அனுப்பத் தீர்மானித்திருக்கிறது. வாடகைக்கு ஓடும் மின்சார ஓட்டோவின் வரி வீதத்தை ஐந்து வருடத்துக்கு மாற்றுவதில்லை என்று வர்த்தமானியில் போட வேண்டும். மாற்றுப் பற்றரிக்கு வற் வரியைக் குறைக்க வேண்டும். பஸ் நிலையம், போதனா வைத்தியசாலை, புகையிரத நிலையம் ஆகிய இடங்களை அண்டிய தரிப்பிடங்களில் பகல் நேரக் கட்டணத்தில் சார்ஜ் போடும் வசதி வேண்டும். அரச வங்கி ஒன்றின் ஊடாகக் குறைந்த வட்டிக் கடனும் கேட்டிருக்கிறோம். அது கிடைக்கும் என்று எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. இருந்தாலும் கேட்காமல் விட வேண்டாம் என்றார் தலைவர்.

அதுவரை, புது வண்டி எடுக்க நினைப்பவர்கள் கையெழுத்து வைக்குமுன் பற்றரி உத்தரவாதம் எத்தனை வருடம், எத்தனை கிலோமீற்றர், மாற்றுப் பற்றரி இன்று என்ன விலை என்பவற்றை எழுத்தில் வாங்குங்கள். வாயால் சொன்னால் ஏற்க வேண்டாம். ஒப்பந்தப் பத்திரத்தைச் சங்கத்துக்குக் கொண்டுவந்தால் வாசித்து விளக்க உபசெயலாளர் செவ்வாய், வெள்ளி பின்னேரங்களில் இருப்பார்.

கணக்கறிக்கையைப் பொருளாளர் அடுத்து வாசிப்பார். சந்தா நிலுவை உள்ளவர்கள் அதற்கு முன் எழும்பிப் போக வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொள்கிறார். கணக்காய்வாளருக்கும், கூட்டங்களுக்கு மண்டபம் தந்து உதவிய சனசமூக நிலையத்தாருக்கும் நன்றி. மகஜரில் சேர்க்க வேண்டியது ஏதும் இருந்தால் இன்றே எழுதித் தாருங்கள். அடுத்த வாரம் அனுப்புகிறோம். இவ்வறிக்கையைச் சபை ஏற்றுக்கொள்ளும்படி கேட்டு அமர்கிறேன்.

செயலாளர்
யாழ்ப்பாணம், ஜனவரி 2026