எங்கள் கூரைக்கு மேலே ஓடும் சாலை: பொறியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மலைச்சாலையைப் பராமரிக்கும் மதிப்பிற்குரிய பொறியாளர்களுக்கு,

வணக்கம். வளைவுக்கு முன்னால், வண்டிகள் வேகத்தைக் குறைப்பதற்காக, தரையிலிருந்து சற்றே மேடான வெள்ளைப் பட்டைகளை வரிவரியாகப் போட்டிருக்கிறீர்கள். விபத்தைத் தடுக்கத்தான் போட்டீர்கள்; அந்த நோக்கத்தை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் அவை எங்கள் வீடுகளுக்கு நேர் மேலே இருக்கின்றன. குன்னூர்ப் பக்கத்துச் சரிவுகளில் சாலை மேலேயும் தகரக் கூரை கீழேயும் இருப்பது உங்களுக்குத் தெரியாததல்ல.

பக்கத்து வீட்டுப் பெண் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். மேட்டுப்பாளையம் மண்டியில் கேரட் மூட்டைகளை இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பும் லாரிகள் அந்தப் பட்டைகளில் ஏறும்போது பின்கதவும் சங்கிலியும் சேர்ந்து அதிரும். ஒவ்வொரு அதிர்வுக்கும் குழந்தை இரண்டு கைகளையும் விரித்துத் தூக்கிவாரிப்போட்டு அலறும். ஒருவழியாக அழுகை அடங்கிப் பால் குடிக்கத் தொடங்கும். அதற்குள் அடுத்த வண்டி. இரவு முழுவதும் தாய்க்கும் உறக்கமில்லை, பாட்டிக்கும் உறக்கமில்லை. மூன்றாம் மாதம்வரை வைத்திருக்க வேண்டிய மகளைப் பெற்றவர்களே போன வாரம் காரமடைக்கு, புகுந்த வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த வெயிலில் பிள்ளை நன்றாக உறங்குகிறதாம். இதைக் கேட்டபிறகுதான் இந்த மடலை எழுத உட்கார்ந்தேன்.

குடியிருப்புப் பகுதியில் இரவு பத்து மணிக்கு மேல் சத்தம் 45 டெசிபலைத் தாண்டக் கூடாது என்கின்றன 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள். அந்த விதி எங்கள் தெருவுக்கும் உரியது.

எங்கள் கோரிக்கை இதுதான்: பட்டைகளை வீடுகள் இல்லாத தேயிலைத் தோட்டப் பகுதிக்கு, வளைவுக்குச் சற்று முன்னதாக நகர்த்துங்கள். அடுத்த முறை தார் போடும்போது ஓசை குறைந்த மேற்பரப்பாகப் போடுங்கள்.

ஏற்றத்தில் இன்ஜின் முனகுவதை எந்தத் தாராலும் தடுக்க முடியாது என்று அறிவோம். இறக்கத்தில் வேகமெடுத்து வரும் கார்களின் கதை வேறு. அங்கே கேட்பது பெரும்பாலும் சக்கரத்தின் ஓசை. பெரிய ஜல்லியின் தலைகள் டயரைத் தட்டித் தட்டி அதிரவைக்கின்றன. டயரின் பள்ளங்களில் சிக்கிய காற்று பிதுங்கி வெளியேறும்போது இரைகிறது. கால் அங்குல ஜல்லியில், இயந்திரம் கொண்டு ஒரே சீராகப் போட்ட மெல்லிய தார்ப்படலத்தில் இந்த இரைச்சல் நன்றாகக் குறையும். நுண்துளைகள் நிறைந்த தார் இன்னும் அமைதியானதுதான். ஆனால் மழைக்காலத்தில் சரிவிலிருந்து இறங்கும் செம்மண் அந்தத் துளைகளை அடைத்துவிடும் என்பதால் அதை நாங்கள் கேட்கவில்லை. ஈரத்தில் சக்கரம் வழுக்காதபடி மேற்பரப்பு சொரசொரப்பாக இருக்க வேண்டும் என்பதும் எங்களுக்குத் தெரியும். நாங்களும் இதே சாலையில்தான் போகிறோம்.

3 டெசிபல் குறைந்தாலே போதும். சாலையில் ஓடும் வண்டிகள் பாதியாகக் குறைந்ததற்குச் சமம் அது. 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 சுற்றுலா வாகனங்கள் என்று சென்னை உயர் நீதிமன்றம் வரம்பு விதித்தது. வண்டிகளின் எண்ணிக்கை உங்கள் கையில் இல்லை. ஜல்லியின் அளவு உங்கள் கையில் இருக்கிறது.

மே மாத மலர்க் கண்காட்சிக்கு முன்னால் ஒட்டுப்போடும் வேலை எத்தனை வேகமாக நடக்கிறது! இரண்டு நாள் தங்கிப் போகிறவரின் கார் குலுங்கக் கூடாது என்று அக்கறை காட்டுகிறீர்கள். ஆண்டு முழுவதும் இங்கே படுத்து எழுகிறவர்களின் உறக்கம் ஏன் கணக்கில் வரவில்லை? அந்த அவசர ஒட்டுகளே மேடும் பள்ளமுமாகி, லாரிகளின் சத்தத்தைப் பெருக்குகின்றன. தேயிலை பறிக்கப் போகும் பெண்கள் கண் எரிய எரிய மலையேறுகிறார்கள். மனுக் கொடுத்தால் ரசீது கிடைக்கிறது, பதில் கிடைப்பதில்லை.

கோபம் மிகுந்துவிட்டது, பொறுத்தருளுங்கள். மீண்டும் பணிவாகவே கேட்கிறோம்: பட்டைகளை இந்த மாதமே நகர்த்துங்கள். தை, மாசியில் தார் போட வரும்போது எங்கள் வளைவுக்கு ஒட்டு வேண்டாம், கால் அங்குல ஜல்லியில் சாலையின் முழு அகலத்துக்கும் போடுங்கள். எந்த நாள் என்று முன்கூட்டிச் சொன்னால், ஓரத்தில் ஒரு வண்டியும் நிற்காமல் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
வளைவுக்குக் கீழே குடியிருப்போர் சார்பில் ஒருவர்