'ஆயா' இறந்தகாலத்துக்கு மட்டுமல்ல

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் நாளிதழின் ஸ்பானிஷ் பாடப் பகுதியில், பெர்ஃபெக்ட் சப்ஜங்டிவ் (ஐயம், விருப்பம், எதிர்பார்ப்பு போன்றவற்றைச் சொல்லும்போது வரும், 'ஆயா' சேர்ந்த வினைவடிவம்) ஏற்கெனவே நடந்து முடிந்த செயலுக்கு மட்டுமே வரும் என்று எழுதியிருந்தார்கள். அது சரியல்ல. 'குவாந்தோ ஆயாஸ் தெர்மினாதோ, யாமாமே' என்றால் 'முடித்ததும் கூப்பிடு'. வேலை இன்னும் முடியவில்லை. கூப்பிடும்போது முடிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

வடிவம் எளிது. 'ஆபேர்' என்ற துணைவினை ஆளுக்கேற்ப ஆயா, ஆயாஸ், ஆயா, அயாமோஸ், அயாயிஸ், ஆயான் என மாறும். பின்னால் வரும் எச்சம் நம் 'வந்து', 'முடித்து' போல மாறவே மாறாது. பெண்ணானாலும் பன்மையானாலும் 'தெர்மினாதோ'தான். ஏச்சோ, தீச்சோ, பீஸ்தோ, எஸ்கிரீதோ, புவேஸ்தோ போன்ற ஒழுங்கற்ற எச்சங்களை மனப்பாடம் செய்வதைத் தவிர வழியில்லை. 'லோ' (அதை) போன்ற பிரதிப்பெயர் துணைவினைக்கு முன்னால் நிற்கும்: 'கே லோ ஆயா பீஸ்தோ'. நடுவில் நுழைத்தால் தவறு.

'அவர் வந்துவிட்டார் என நினைக்கிறேன்' என்பதற்கு 'கிரேயோ கே ஆ யேகாதோ'. 'நினைக்கவில்லை' என்றதும் 'நோ கிரேயோ கே ஆயா யேகாதோ' ஆகிவிடும். இந்த மாற்றத்தைத் தமிழ் காட்டாது; பழக்கத்தில்தான் வரும்.

ஆனால் 'உபியேரா' (நடக்காமல் போனதைச் சொல்லும் 'ஆபேர்' வடிவம்) வரும் இடத்தில் ஆங்கிலத்தைவிடத் தமிழே கைகொடுக்கும். 'தெரிந்திருந்தால் வந்திருப்பேன்': 'சி உபியேரா சாபிதோ, அப்ரியா பெனிதோ'. 'இருந்தால்' உள்ள பக்கம் உபியேரா, 'இருப்பேன்' உள்ள பக்கம் அப்ரியா. பின்பாதியிலும் உபியேரா போடலாம், பிழையில்லை. முன்பாதியில் அப்ரியா போடுவதுதான் தவறு. ஸ்பெயினின் வடக்கே, பாஸ்க் பகுதியில் அப்படிப் பேசுவோர் உண்டு. தேர்வில் எழுதினால் மதிப்பெண் போகும். 'உபியேசே' என்ற மாற்று வடிவத்தை 'சி'க்கு ('ஆல்' என்ற நிபந்தனைச் சொல்) பின் தயங்காமல் பயன்படுத்தலாம்.

இன்னொன்று. குழந்தையை வளர்க்கும் ஆயாவுக்கு ஸ்பானிஷிலும் 'ஆயா' என்றே பெயர். ஒலி அதேதான், ஆனால் துணைவினையின் தொடக்கத்தில் ஒலிக்காத 'ஆச்சே' (h) எழுத்து உண்டு, இதில் இல்லை. 'கண்டெடுக்கிறான்' என்ற சொல்லும் பலர் வாயில் 'ஆயா'தான், அதில் இரட்டை 'எலே' (ll). ஸ்பானிஷ்காரர்களே இவற்றைக் குழப்பி எழுதுகிறார்கள். பாடத்தைத் தமிழ் எழுத்தில் மட்டும் அச்சிட்டால் இந்த வேறுபாடு கண்ணில் படாது. அடுத்த பாடத்திலிருந்து ஸ்பானிஷ் எழுத்திலும் சேர்த்து அச்சிட வேண்டுகிறேன்.

ஸ்பானிஷ் ஆசிரியர்,
கோயம்புத்தூர்