டீச்சருக்கு எதற்குச் சைக்கிள்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பெரிய மனிதர்கள் சைக்கிள் மிதித்தால் நம் பத்திரிகைகளில் அது படத்தோடு செய்தியாகிறது. 2021 சட்டமன்றத் தேர்தலில் நடிகர் விஜய் சைக்கிளில் போய் வாக்களித்தார். அன்றைக்கு அதைப் பற்றித்தான் எங்கும் பேச்சு. அதே ஆண்டு, முதலமைச்சராகப் பொறுப்பேற்ற சில மாதங்களில் மு.க. ஸ்டாலின் கிழக்குக் கடற்கரைச் சாலையில் சைக்கிள் ஓட்டிய படங்களும் வந்தன. அவற்றில் தவறேதும் இல்லை. ஆனால் ஒரு சாதாரண ஆசிரியை தினமும் சைக்கிளில் வேலைக்குப் போனால் ஊர் அவளை எப்படிப் பார்க்கிறது என்று யாரும் எழுதுவதில்லை. அதை நானே எழுதிவிடலாம் என்றுதான் இந்தக் கடிதம்.

புதுக்கோட்டையில் அரசு உதவி பெறும் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் கணக்கு டீச்சராக இருக்கிறேன். வீடு திருக்கோகர்ணத்தில். பள்ளிக்குக் கால் மணி நேரத்தில் போய்விடலாம். ஸ்கூட்டர் வாங்க முடியாத நிலை இல்லை. வீட்டு வாசலில் காரும் நிற்கிறது. சைக்கிளில் போவது எனக்குப் பிடித்திருக்கிறது, உடம்புக்கும் நல்லது. அதற்கு மேல் ஒரு காரணமும் கிடையாது. ஆனால் கேட்பவர்களுக்கு அது போதவில்லை. "லோன் ஏதும் கட்டறீங்களா டீச்சர்?" என்கிறார் ஒருவர். "சார் காரை எடுத்துட்டுப் போயிடறாரா?" என்கிறார் இன்னொருவர். "டாக்டர் சொன்னாரா?" என்று கேட்பவர்களும் உண்டு. ஆமாம் என்று சொல்லிவிட்டால் அத்தோடு விட்டுவிடுவார்கள். விடிகாலையில் ஹெல்மெட்டும் கையுறையும் போட்டுக்கொண்டு விலை உயர்ந்த சைக்கிளில் திருச்சி ரோட்டில் போகிறவரை யாரும் இப்படிக் கேட்பதில்லையே. உடற்பயிற்சி என்றால் மரியாதை, வேலைக்கு என்றால் பரிதாபம்.

போன வருஷம் ஓர் அரசு அலுவலகத்துக்குத் தேர்வுப் பணி விஷயமாகப் போயிருந்தேன். வாசலில் இருந்த காவலாளி, "சைக்கிளெல்லாம் உள்ள வராதும்மா, வெளிய போடு" என்றார். பைக்குகள் உள்ளே வரிசையாகத் தகரக் கூரைக்குக் கீழே நின்றன. பள்ளியின் பெயரைச் சொல்லி, கையிலிருந்த கடிதத்தைக் காட்டினேன். "டீச்சரா? மொதல்லயே சொல்லக் கூடாதாங்க, உள்ள கொண்டு போங்க" என்று கேட்டை அகலத் திறந்துவிட்டார். எனக்குப் பின்னால் ஒரு பெரியவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். கேரியரில் பிளாஸ்டிக் பைக்குள் மடித்து வைத்த மனு. அவரிடம் காட்டுவதற்குக் கடிதம் எதுவும் இல்லை. வெயிலில் ரோட்டோரமாகப் போட்டுப் பூட்டிவிட்டு நடந்து வந்தார். அன்று எனக்குக் கிடைத்த மரியாதை எனக்கு ஒட்டவே இல்லை.

இதையெல்லாம் புதுக்கோட்டையில் இருந்துகொண்டு எழுத வேண்டியிருப்பதுதான் எனக்கு மிகவும் வருத்தம். 1991, 92-இல் இங்கே நடந்த அறிவொளி இயக்கத்தைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். அப்போது ஷீலா ராணி சுங்கத் கலெக்டர். எழுத்துச் சொல்லிக் கொடுத்த இயக்கம் பெண்களுக்குச் சைக்கிள் ஓட்டவும் சொல்லிக் கொடுத்தது. பேருந்துக்கும், கூட்டிப்போக ஓர் ஆணுக்கும் காத்திருக்காமல் ஒரு பெண் அடுத்த ஊர் வரை தானே போய்வரலாம் என்பதே அன்று பெரிய விஷயம். கல் குவாரியில் வேலை செய்தவர்கள், வயல் வேலைக்குப் போனவர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள் எல்லோரும் கற்றார்கள். லேடீஸ் சைக்கிள் போதுமான அளவு கிடைக்கவில்லை. ஜென்ட்ஸ் சைக்கிளையே வாங்கினார்கள். முன்னால் பாரில் குழந்தையை உட்கார வைக்க வசதி என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. 1992 மகளிர் தினத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் ஹேண்டில்பாரில் கொடி கட்டிக்கொண்டு ஊர்வலமாகப் போனார்கள்.

எங்கள் அம்மா அதில் ஒருத்தி. நகரத்தை ஒட்டிய கிராமம் எங்களுடையது. பொழுது சாய்ந்த பிறகு கோயில் திடலில் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறுவார். அண்ணன்தான் கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடுவான். முழங்கையில் சிராய்ப்பு ஆறுவதற்குள் இன்னொன்று. திண்ணையில் இருந்தவர்கள், "பொம்பளைக்கு எதுக்குச் சைக்கிள்?" என்றார்கள். அதைவிடக் கேவலமாகவும் பேசினார்கள். அம்மா காதில் வாங்கவில்லை. அப்புறம் அதே சைக்கிளில் குடம் கட்டித் தண்ணீர் வந்தது, காய்கறி சந்தைக்குப் போனது, கேரியரில் உட்கார்ந்து நானும் பள்ளிக்கூடம் போனேன்.

இந்த வருஷம் அண்ணன் மகளைப் பெண் பார்க்க வந்தார்கள், அதே வீட்டுக்கு. முந்தின நாள் அண்ணன் போன் பண்ணினான். "நாளைக்கு மட்டும் ஆட்டோவுல வந்துரும்மா. சைக்கிள வாசல்ல போட்டா, பொண்ணோட அத்தையே இப்படித்தான் இருக்காங்கன்னு நெனச்சுருவாங்க." அம்மாவின் பின்னால் ஓடிய அதே அண்ணன். அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை. மாப்பிள்ளை வீட்டார் முதலில் வாசலில் நிற்கும் வண்டியைத்தான் பார்ப்பார்கள் என்பது அவனுக்குத் தெரியும். ஆட்டோவில்தான் போனேன். மனசு ஆறவில்லை. அன்று பொம்பளைக்கு எதுக்கு என்று கேட்டார்கள், இன்று டீச்சருக்கு எதுக்கு என்று கேட்கிறார்கள். அதாவது, சம்பளம் வாங்குகிறவளுக்கு எதுக்கு என்று.

என் பிள்ளைகளும் இதைத்தான் கற்றுக்கொள்கிறார்கள். அரசு தரும் விலையில்லா மிதிவண்டி எங்கள் பள்ளியில் பிளஸ் ஒன் மாணவர்களுக்குக் கிடைக்கிறது. 2001-இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கென்று ஆரம்பித்த திட்டம் பிறகு எல்லோருக்கும் விரிந்தது. வண்டி கொடுக்கும் நாளில் மைதானம் முழுக்க மணிச் சத்தம். பிளாஸ்டிக் உறையைப் பிரிக்காமலே சீட்டில் உட்கார்ந்து பார்ப்பார்கள். பிளஸ் டூ முடிந்ததும் பெரும்பாலும் அதே வண்டி வீட்டுக்குப் பின்னால் துருப்பிடிக்கிறது. கடன் வாங்கியாவது பைக். "காலேஜுக்கு யாராவது சைக்கிள்ல போவாங்களா டீச்சர்?" என்று ஒரு பையன் என்னிடமே கேட்டான், நான் சைக்கிளைப் பூட்டிக்கொண்டிருந்தபோது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது நாட்டில் நூற்றுக்குச் சுமார் 45 வீடுகளில் சைக்கிள் இருந்தது. கார், ஜீப் வைத்திருந்தவை ஐந்து வீடுகள்கூட இல்லை. இன்றும் காலையில் நான் போகும் பாதையில் கொத்தனார், பால்காரர், பூக்கட்டும் அம்மா, இரவுக் காவல் முடிந்து திரும்புகிறவர் என்று எத்தனையோ பேர் சைக்கிளில்தான் போகிறார்கள். அவர்களிடம் யாரும் "ஏன் சைக்கிள்?" என்று கேட்பதில்லை. அவர்களுக்கு அது போதும் என்ற நினைப்பு. என்னைப் பார்த்துப் பரிதாபப்படுவதும் அந்த நினைப்பால்தான். நானும் அவர்களில் ஒருத்தியாகிவிட்டேனோ என்று பயப்படுகிறார்கள். ஆகிவிட்டால் அதில் என்ன குறைவு?

புதுக்கோட்டை 2024-இல் மாநகராட்சியாகிவிட்டது. அரசு அலுவலகம், வங்கி, கல்யாண மண்டபம் எதுவானாலும் பைக் நிற்கும் இடத்திலேயே, அதே நிழலில், சைக்கிளுக்கும் இடம் வேண்டும். இதற்குப் பெரிய செலவு ஆகாது. வாசலில் நிற்பவரிடம் தெளிவாகச் சொல்லி வைத்தாலே பாதி வேலை முடிந்துவிடும். உங்களிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஓர் அதிகாரி சைக்கிளில் வந்தால் 'எளிமை' என்று தலைப்புப் போடாதீர்கள். அவர் எவ்வளவு தூரம் வருகிறார், வழியில் ரோடு எப்படி இருக்கிறது, வண்டியை எங்கே நிறுத்துகிறார் என்று கேட்டு எழுதுங்கள். அந்தக் கேள்விகளையே அதே ரோட்டில் வரும் கொத்தனாரிடமும் கேட்டு, அவர் படத்தையும் பக்கத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
கணித ஆசிரியை ஒருவர்,
திருக்கோகர்ணம், புதுக்கோட்டை.