'இரவில் பூசவும்' என்று மட்டும் எழுதினால் போதாது

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முகப்பருவுக்கு ட்ரெட்டினாயின், அடாபலீன் போன்ற ரெட்டினாய்டு (வைட்டமின் ஏ வகை) மருந்துகளைத் தரும்போது மருந்துச் சீட்டில் பெரும்பாலும் 'இரவில் பூசவும்' என்ற இரண்டே சொற்கள்தான் இருக்கின்றன. எவ்வளவு, எங்கே, வாரத்தில் எத்தனை நாள் என்று இருப்பதில்லை. மூன்றாவது வாரம் முகம் எரிந்து, தோல் உரிந்து, "எனக்கு இது ஒத்துக்கொள்ளவில்லை" என்று டியூபைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். நல்ல மருந்து இப்படி வீணாவது வேதனையாக இருக்கிறது.

பருவைப் பார்த்து அதன்மேல் மட்டும் தொட்டு வைப்பதுதான் முதல் தவறு. மயிர்க்காலின் வாயில் செத்த செல்கள் ஒட்டி அடைத்துக்கொள்வதில்தான் பரு தொடங்குகிறது. அந்த அடைப்பு கண்ணுக்குத் தெரியாது. ரெட்டினாய்டு அங்கேதான் வேலை செய்கிறது. அதனால் பரு வரக்கூடிய பகுதி முழுவதும் பூச வேண்டும்.

முழு முகத்துக்கும் ஒரு பட்டாணி அளவு போதும். நெற்றி, இரு கன்னங்கள், தாடை என நான்கு புள்ளிகளாக வைத்து மெல்லிசாகப் பரப்புங்கள். வெள்ளையாகப் படிந்து தெரிந்தால் அளவு கூடிவிட்டது என்று பொருள். கூடுதலாகப் பூசினால் பரு சீக்கிரம் போகாது, எரிச்சல்தான் கூடும். கண்ணோரம், உதட்டோரம், மூக்கின் பக்க மடிப்பு ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். மூக்கு மடிப்பில் மருந்து வழிந்து தேங்கும். முதலில் சிவந்து வெடிப்பது அந்த இடம்தான். பூசுவதற்கு முன் அங்கே கொஞ்சம் வாஸ்லைன் தடவிக்கொண்டால் தப்பிக்கலாம்.

மென்மையான ஃபேஸ்வாஷால் கழுவி, ஒற்றித் துடைத்து, 20 முதல் 30 நிமிடம் காயவிட்டுப் பூசுங்கள். ஈரத் தோலில் எரிச்சல் அதிகம். முதல் இரண்டு வாரம் வாரத்துக்கு இரண்டு மூன்று இரவு, பிறகு ஒன்றுவிட்டு ஒரு இரவு, தோல் தாங்கினால் தினமும். வறண்ட தோல் என்றால் மாய்ஸ்சரைசர் போட்டு அதன்மேல் மருந்தைப் பூசலாம். தொடக்கத்துக்கு ட்ரெட்டினாயின் 0.025 சதவீதம் அல்லது அடாபலீன் 0.1 சதவீதமே பலருக்குப் போதும். ஒரு இரவு விட்டுப்போனால் மறுநாள் இரட்டிப்பாகப் பூச வேண்டாம்.

முதல் சில வாரங்களில் பரு கூடியதுபோலத் தெரியலாம். லேசாகத் தோல் உரியலாம். பொறுத்துக்கொள்ளுங்கள். 12 வாரம் ஆகாமல் பலனில்லை என்று முடிவு கட்ட வேண்டாம். ஆனால் வீங்கினாலோ, நீர் கசிந்தாலோ, வெறும் தண்ணீர் பட்டாலே எரிந்தாலோ உடனே நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள்.

கூடவே ஸ்க்ரப், சாலிசிலிக் அல்லது கிளைகோலிக் அமிலம் சேர்ந்த பொருட்களை வைத்துக்கொண்டால் எரிச்சல் பல மடங்காகும். பருவுக்கே தரப்படும் இன்னொரு மருந்தான பென்சாயில் பெராக்சைடு சாதாரண ட்ரெட்டினாயினைச் சிதைக்கும். அதைக் காலையிலும் ட்ரெட்டினாயினை இரவிலும் பூசலாம். அடாபலீனுக்கு அந்தச் சிக்கல் இல்லை. மருந்து பூசும் இடத்தில் வாக்ஸிங் செய்தால் தோலே சேர்ந்து பிய்ந்து வரும். பகலில் எஸ்பிஎஃப் 30க்குக் குறையாத சன்ஸ்கிரீன் கட்டாயம்.

கர்ப்பிணிகளும் கருத்தரிக்கத் திட்டமிடுபவர்களும் இம்மருந்துகளைத் தவிர்க்க வேண்டும். டசரோட்டின் என்ற இன்னொரு ரெட்டினாய்டு கர்ப்பகாலத்தில் அறவே கூடாது. சீட்டை நீட்டும் பெண்ணிடம் இதைக் கேட்காமல் டியூபைக் கொடுக்கவே கூடாது.

ட்ரெட்டினாயினுடன் ஹைட்ரோகுவினோனும் (கருமையைக் குறைக்கும் மருந்து) ஸ்டீராய்டும் கலந்த கிரீம், மங்கு போன்ற கருமைக்காகக் குறுகிய காலத்துக்குத் தரப்படுவது. அதை நிறம் கூட்டும் கிரீமாக மாதக்கணக்கில் பூசுகிறவர்களுக்குத் தோல் மெலிந்து, ரத்தக் குழாய்கள் வெளியே தெரியத் தொடங்குகின்றன.

மருத்துவர்களிடமும் மருந்தாளுநர்களிடமும் கேட்பது ஒன்றுதான்: 'பட்டாணி அளவு, உலர்ந்த முகத்தில், வாரம் மூன்று இரவு' என்று சீட்டிலேயே எழுதிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
மருந்தாளுநர் ஒருவர்