சாவி யாரிடம் என்று வாசலில் எழுதி வையுங்கள்

பாதுகாக்கப்பட்ட சின்னங்களைப் பொறுப்பில் வைத்திருக்கும் அதிகாரிகளுக்கு, வணக்கம்.

புதுக்கோட்டைப் பக்கத்து நிலவரம் நீங்கள் அறிந்ததுதான். சித்தன்னவாசலுக்கும் குடுமியான்மலைக்கும் பெயர் இருக்கிறது, ஆட்கள் வருகிறார்கள். உள்ளடங்கிய கிராமங்களில் இருக்கும் சின்னக் குடைவரைகளையும் (பாறையைக் குடைந்து செய்த கோயில்கள்) கற்றளிகளையும் (கல்லால் கட்டிய கோயில்கள்) பற்றித்தான் இந்த மடல்.

போன வாரம் அப்படியொரு குடைவரைக்கு மாணவர்களைக் கூட்டிப்போனேன். கம்பிக்கதவில் பூட்டு. பக்கத்தில் நீலப் பலகை: பழஞ்சின்னங்களைக் காக்கும் 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி, சேதப்படுத்தினால் இரண்டாண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். எப்போது திறக்கும், யாரைக் கேட்பது என்று ஒரு வரி இல்லை. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அம்மா, "சாவிக்காரர் அடுத்த ஊர்க் கோயிலுக்குப் போயிருப்பாரு" என்றார்.

நிழலில்லாத பாறை. பிள்ளைகள் கம்பியில் முகத்தை அழுத்தி, கைபேசி வெளிச்சத்தை உள்ளே அடித்தார்கள். வடமொழி எழுதத் தமிழகத்தில் பயன்பட்ட பழைய கிரந்த எழுத்தை ஆசையாகப் பழகிய மாணவி ஒருத்தி, சுவர்க் கல்வெட்டின் தொடக்கமான 'ஸ்வஸ்திஸ்ரீ' என்பதை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டாள். அடுத்த வரிக்கு வெளிச்சம் எட்டவில்லை. பேருந்தை விட்டால் அப்புறம் சாயங்காலம்தான் என்பதால் கிளம்பிவிட்டோம்.

காவலர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. ஒரே ஆளிடம் நாலு ஊர்ச் சாவியைக் கொடுத்தால் அவர் எங்கே நிற்பார்? பூட்டிவிட்டால் காப்பாற்றியாகிவிட்டது என்று இருக்கிறீர்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை. திருப்பணி என்ற பெயரில் மணலைப் பீய்ச்சிச் சுவரைச் சுத்தம் செய்து, கல்வெட்டுகளைத் தேய்த்த கோயில்கள் தமிழ்நாட்டில் உண்டு. உள்ளே போயே பார்க்காத ஊர்க்காரர்களுக்கு எது அழிந்தது என்று எப்படித் தெரியும்? யார் வந்து தடுப்பார்கள்?

கழிப்பறையும் கிடையாது. போகும் இடத்தில் ஒதுங்க வழியில்லை என்று காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமலே வரும் பெண் பிள்ளைகளை நான் பார்க்கிறேன். இதற்கு நிதி வேண்டும், நாளாகும் என்பீர்கள். சரி. ஆனால் ஒரு தொலைபேசி எண்ணை எழுத எவ்வளவு நிதி வேண்டும்?

கோபத்தில் குரல் உயர்ந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் கேட்பது இவ்வளவுதான்: பூட்டியிருக்கும் ஒவ்வொரு சின்னத்தின் வாசலிலும் திறக்கும் நேரத்தையும், சாவி வைத்திருப்பவரின் எண்ணையும் தமிழில் எழுதி வையுங்கள். அவர் வராத நாளில் மாற்றுச் சாவி ஊராட்சி அலுவலகத்தில் கிடைக்கட்டும். அடுத்த கல்வியாண்டு தொடங்குவதற்குள் இதைச் செய்து தருமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓர் அரசுப் பள்ளி ஆசிரியை