வவுனியா விழுங்கிய குளத்தூர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வவுனியா மாநகர சபைக்கான முதல் தேர்தல் 2025 மே மாதம் நடந்து முடிந்தது. பட்டினம் மாநகரமாகிவிட்டது, நல்லது. அது எந்தெந்த ஊர்களைத் தின்று வளர்ந்தது என்பதையும் ஒருதரம் எழுத்தில் வைத்துவிட வேண்டும். மாரியில் வீட்டுக்குள் வெள்ளம் வருவதற்கான காரணத்தில் பாதி அந்தக் கணக்கில்தான் கிடக்கிறது.

வைரவபுளியங்குளம், பண்டாரிக்குளம், இறம்பைக்குளம், தாண்டிக்குளம், பட்டானிச்சிபுளியங்குளம், கோவில்குளம், கூமாங்குளம், உக்குளாங்குளம். இன்று பஸ் நடத்துநர் கூவும்போது இவை வெறும் இறங்குமிடங்கள். முன்பு ஒவ்வொன்றும் தனி ஊர்: மேலே அலைகரை (குளம் நிறையும்போது மட்டும் நீர் ஏறும் ஓரம்), நடுவில் கட்டு (மண் அணை), கட்டில் துருசு (வயலுக்கு நீர் திறக்கும் கதவு), ஒரு கரையில் வான் (மிகுநீர் வழிந்தோடும் வழி), கீழே வயல், வயலோரம் குடிமனை, கட்டடியில் ஒரு பிள்ளையாரோ வைரவரோ. வவுனியாவே பழைய பதிவுகளில் 'வவுனியா விளாங்குளம்'தான். முறிப்பு என்று முடியும் பெயருக்குக் கட்டு முறிந்த குளம் என்று பொருள். மூன்றுமுறிப்பு என்ற பெயரைக் கேட்டாலே அந்த மண்ணில் தண்ணீர் என்ன செய்திருக்கிறது என்று விளங்கும். பெயர் வைத்தவர்கள் சும்மா வைக்கவில்லை.

இவை ஒட்டிப்போன விதம் நீண்ட கதை, சுருக்கமாகச் சொல்கிறேன். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வெள்ளைக்கார நிர்வாகம் இங்கே கச்சேரி (மாவட்ட நிர்வாக அலுவலகம்) வைத்தது. 1905இல் வடக்குப் புகையிரதப் பாதை முழுமையானது. கண்டி, யாழ்ப்பாணம், மன்னார், ஹொரவப்பொத்தானை வீதிகள் கூடும் இடத்தில் கடைத்தெரு தடித்தது. பிறகு யுத்தம். 1990இல் வவுனியாவுக்கு வடக்கே ரயில் நின்றது. 2009இல் தாண்டிக்குளம் வரைக்கும், 2014இல் யாழ்ப்பாணம் வரைக்கும் மறுபடி ஓடியது. இடையிலிருந்த கிட்டத்தட்ட 20 வருடங்களில் இடம்பெயர்ந்து வந்தவர்களுக்குக் கால் வைக்க நிலம் வேண்டியிருந்தது. விற்கக்கூடிய வெறுநிலமாக வயல் கிடந்தது. ஏக்கரில் பேசிய காணி பேர்ச்சில் பேசப்பட்டது. (160 பேர்ச் ஒரு ஏக்கர்.) வந்தவர்களில் குறை சொல்ல எதுவும் இல்லை. அனுமதி கொடுத்தவர்கள் வாய்க்காலைப் பார்த்துவிட்டுக் கொடுத்திருக்க வேண்டும்.

வாய்க்கால் விடயத்தைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். வயலுக்கு நீர் பாய்ச்சும் வாய்க்கால் துருசடியில் அகலமாகத் தொடங்கும். வழி நெடுக ஒவ்வொரு வரவைக்கும் (வயல் துண்டுக்கும்) கொடுத்துக் கொடுத்துப் போவதால் கடைசியில் மண்வெட்டி அகலத்துக்கு ஒடுங்கிவிடும். நகரத்து வடிகாலுக்கு நேர்மாறான வடிவம் தேவை. அது ஒவ்வொரு வளவிலிருந்தும் வாங்கி வாங்கிப் போவதால் போகப் போக அகல வேண்டும். அதோடு, பாய்ச்சல் வாய்க்கால் வயலைவிட உயரத்தில் ஓடும்; வடிகால் தாழ்விடத்தில் ஓட வேண்டும். வயலை மனைகளாக்கியபோது பழைய பாய்ச்சல் வாய்க்காலுக்கே கொங்கிறீற் போட்டு வடிகால் என்று பெயர் வைத்தால், தண்ணீர் தலைப்பில் நிறைந்து வால்ப்பக்கத்தில் வழிந்து வீடுகளுக்குள் போகும். உண்மையான வடிகால், வயலின் தாழ்ந்த ஓரத்தால் போன கழிவு வாய்க்கால். பெரும்பாலும் முதலில் மதிலுக்குள் போவது அதுதான். அதன் பிறகு ஒருவர் இரண்டடி கிரவல் மண் போட்டு வளவை உயர்த்துவார், பக்கத்து வீட்டார் மூன்றடி போடுவார். கிரவல் வாங்க வசதியில்லாதவரின் வளவு குளமாகும்.

அடுத்தது அலைகரை. கோடையில் வெறும் புல்தரையாகக் கிடப்பதால் அதைக் குளம் என்று யாரும் நினைப்பதில்லை. சிறுகுளத்தின் கொள்ளளவை மட்டிட ஒரு கைக்கணக்கு உண்டு: நீர்ப்பரப்பையும் அதிகூடிய ஆழத்தையும் பெருக்கி, அதில் பத்தில் நான்கு பங்கு. 20 ஏக்கர், 8 அடி என்றால் 64 ஏக்கர்-அடி. ஓரத்தில் 5 ஏக்கரை மண் போட்டு மூடினால், அங்கே ஆழம் குறைவுதானே, என்ன குறைந்துவிடப் போகிறது என்பார்கள். கடைசி ஒரு அடி வெள்ளத்தை ஏந்துவது அந்த ஓரம்தான். 5 ஏக்கரில் ஒரு அடி என்பது சுமார் 62 லட்சம் லீற்றர். 100 மில்லிமீற்றர் மழை பெய்து, 15 ஏக்கர் கூரையிலும் சீமெந்து முற்றத்திலும் விழுந்தது முழுவதும் ஓடிவந்தால் சேரும் அளவு அது. குளத்தில் இடமில்லாவிட்டால் அவ்வளவும் வேளைக்கே வானால் பாயும். வான் பாயும் வழியில் இப்போது வீதி இருக்கிறது, மதகின் வாயில் பிளாஸ்ரிக் போத்தல் இருக்கிறது. குளங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாகக் கோத்துக் கிடப்பதால் மேற்குளத்து வான் கீழ்க்குளத்துக்கு வரவு. மேலே மூடிய மண்ணுக்குக் கீழே உள்ளவர் நட்டம் கட்டுகிறார்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்க கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி, நெற்காணியை நிரப்புவதற்கு முன்னனுமதி வேண்டும். 80 ஹெக்ரேயருக்கு உட்பட்ட வயலுக்குப் பாய்ச்சும் சிறுகுளங்களும் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பு. ஆனால் கட்டட அனுமதி உள்ளூராட்சி சபையில், காணிக் கோவை பிரதேச செயலகத்தில், வரைபடம் நில அளவைத் திணைக்களத்தில். நான்கையும் ஒரே மேசையில் விரித்துப் பார்க்க ஆளில்லை.

மாநகர சபையிடம் கேட்பது பெரிய செலவு பிடிக்கும் வேலை ஒன்றுமில்லை. பழைய கிராம வரைபடங்களிலிருந்து ஒவ்வொரு குளத்தின் நீர்ப்பரப்பு, வான், கழிவு வாய்க்கால் ஆகியவற்றை இன்றைய வீதிப் படத்தின்மேல் வரைந்து, கட்டட விண்ணப்பம் வாங்கும் யன்னலுக்குப் பக்கத்தில் ஒட்டட்டும். பெயர்ப்பலகையில் ஊர்ப்பெயரோடு குளம் இருக்கும் திசைக்கு ஓர் அம்புக்குறி போடட்டும். எல்லைக்கல்லை வான் மட்டத்தை அளந்து, தண்ணீர் நிறைந்து நிற்கும் கரையில் நட வேண்டும். கோடையில் வற்றி நிற்கும் கரையில் நட்டால் ஆக்கிரமிப்புக்கு நாமே காணி உறுதி எழுதிக் கொடுத்ததாகும். அளவைக்காரர் ஓகஸ்டில் இறங்கினால் நல்லது. ஒக்ரோபர் பிந்தி மழை பிடித்துவிட்டால் அலைகரைக்குள் கால் வைக்க ஏலாது.

வாசகர் ஒருவர்,
வவுனியா.