இரட்சிப்பைப் பலியாகக் கேட்கும் பிரசங்கங்கள் குறித்து ஊழியர்களுக்கு ஒரு திறந்த மடல்

கிறிஸ்துவுக்குள் அன்பான ஊழியர்களுக்கும் சபைப் போதகர்களுக்கும், ஸ்தோத்திரம்.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு வாலிபர் முகாமின் கடைசி இரவில், பிரசங்கியார் மோசேயின் ஜெபத்தை வாசித்து முடித்தபின், அழிந்துபோகிற ஆத்துமாக்களுக்காகத் தங்கள் இரட்சிப்பையே இழக்க ஆயத்தமாயிருப்பவர்கள் கையை உயர்த்தும்படி கேட்டார். விளக்குகள் பாதி அணைக்கப்பட்டிருந்தன. கீபோர்டு மெல்ல ஒலித்துக்கொண்டிருந்தது. ஏறக்குறைய எல்லாக் கைகளும் உயர்ந்தன, என்னுடையது உட்பட. நள்ளிரவுக்குப் பின், பக்கத்துப் பாயில் படுத்திருந்த பதினேழு வயதுப் பையன் என்னைத் தட்டி எழுப்பி, "அண்ணா, கை தூக்குனது கணக்குல ஏறிடுமா?" என்று கேட்டான். அவன் கேலியாகக் கேட்கவில்லை, குரல் நடுங்கியது. தூங்கு தம்பி, காலையில் பேசலாம் என்றேன். காலையில் நான் பேசவில்லை. அவனுக்குச் சொல்லாமல் விட்ட பதிலைத்தான் இப்போது உங்களுக்கு எழுதுகிறேன்.

பிரசங்கியார் கேட்ட அந்தக் கேள்விக்கு ஆதாரமாக நீங்கள் எடுத்தாளும் வசனங்கள் பெரும்பாலும் இரண்டு. பொன் கன்றுக்குட்டியைச் செய்து வணங்கிய ஜனத்துக்காக மோசே மன்றாடும்போது, மன்னித்தருளும், இல்லாவிட்டால் நீர் எழுதின புஸ்தகத்திலிருந்து என் பேரைக் "கிறுக்கிப்போடும்", அதாவது அழித்துவிடும், என்கிறான் (யாத்திராகமம் 32:32). ரோமர் 9:3-இல் பவுல், தன் இனத்தாருக்காகத் தானே கிறிஸ்துவை விட்டுச் சபிக்கப்பட்டவனாக விரும்புவேன் என்கிறான். இரண்டும் வேதத்தின் உச்சமான வார்த்தைகள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் மோசேயின் ஜெபத்தைப் பிரசங்கிக்கிற நீங்கள், அடுத்த வசனத்தை ஏன் வாசிப்பதில்லை? எனக்கு விரோதமாய்ப் பாவம் செய்தவன் எவனோ அவன் பேரையே கிறுக்கிப்போடுவேன் என்று கர்த்தர் பதில் சொல்லி, நீ போய் ஜனங்களை நடத்து என்று அவனை அனுப்பிவிடுகிறார். அந்தப் பரிமாற்றத்தை மோசே மனதாரக் கேட்டான். தேவன் ஒரே வரியில் மறுத்துவிட்டார். மறுக்கப்பட்ட ஒரு விண்ணப்பத்தை நிறைவேற்றவேண்டிய கட்டளையாக மாற்றும் உரிமையை நமக்கு யார் தந்தது?

பவுலின் வார்த்தையை இன்னும் கூர்ந்து பார்க்கவேண்டும். அவன் எழுதிய நிருபத்தில் அதிகார எண்கள் கிடையாது; எட்டாம் அதிகாரத்தின் முடிவும் ஒன்பதாம் அதிகாரத்தின் தொடக்கமும் ஒரே ஓட்டம். கிறிஸ்துவின் அன்பை விட்டு மரணமோ ஜீவனோ வேறெந்தச் சிருஷ்டியோ நம்மைப் பிரிக்கமாட்டாது என்று எழுதி முடித்த கை, இரண்டு மூன்று வரிகளுக்குள் கிறிஸ்துவை விட்டுப் பிரிக்கப்பட விரும்புவேன் என்று எழுதுகிறது. தான் சொல்வது நடக்காது என்பதை அறிந்தே அவன் சொல்கிறான். கிரேக்க மூலத்தில் அந்த வினை முற்றுப்பெறாத இறந்தகால வடிவில் இருப்பதால், கூடுமானால் விரும்பியிருப்பேன் என்ற தொனியில் அதை வாசிப்பவர்கள் பலர். அதே பவுல்தான், மற்றவர்களுக்குப் பிரசங்கித்த தான் ஆகாதவனாய்ப் போகாதபடிக்குத் தன் சரீரத்தை ஒடுக்கிக் கீழ்ப்படுத்துகிறேன் என்று கொரிந்தியருக்கு எழுதினான். இரட்சிப்பைக் கைவிட்டுவிடத் துணிந்தவனின் பேச்சாக இது தெரியவில்லை.

ஆகவே என் நிலைப்பாட்டை ஒளிக்காமல் சொல்கிறேன். பிறரை இரட்சிக்கத் தன் இரட்சிப்பைக் கொடுக்கவேண்டுமா என்ற கேள்விக்கு, கொடுக்க முடியாது என்பதே பதில். வேண்டுமா வேண்டாமா என்ற இடத்துக்கே நாம் போகவேண்டியதில்லை. நம்முடைய சம்பாத்தியமாக இருப்பதைத்தான் நாம் இன்னொருவருக்காகச் செலவழிக்க முடியும். கிருபையாய் வந்தது நம் கையில் நாணயமாக இல்லை. ஒருவனும் தன் சகோதரனுக்காக மீட்கும்பொருளைத் தேவனுக்குக் கொடுக்கக்கூடாது என்று 49-ஆம் சங்கீதம் கையை விரித்துவிடுகிறது. நோவாவும் தானியேலும் யோபும் அங்கே இருந்தாலும் தங்கள் ஆத்துமாக்களை மட்டுமே தப்புவிப்பார்கள் என்று எசேக்கியேல் 14 சொல்கிறது. இயேசு சொன்ன உவமையில், விளக்கு அணைந்துபோகிற தோழிகளுக்குப் புத்தியுள்ள கன்னிகைகள் எண்ணெய் கொடுக்க மறுத்ததைச் சிறுவயதில் கேட்டபோது, இவர்கள் எவ்வளவு கஞ்சத்தனமானவர்கள் என்று எனக்குக் கோபம் வந்ததுண்டு. சில காரியங்களைப் பகிர்ந்துகொள்ளவே இயலாது என்பது புரிய நாளாயிற்று.

இன்னொரு முடிச்சும் இருக்கிறது. இரட்சிப்பை இழப்பது என்றால் நடைமுறையில் என்ன? தேவனை நேசிப்பதை விட்டுவிடுவது, அவருக்கு முகத்தைத் திருப்பிக்கொள்வது. பிறர்மேல் உள்ள அன்பினால் ஒருவன் அதைச் செய்யவேண்டும் என்றால், அந்த அன்பு ஊறிவரும் ஊற்றையே அவன் அடைக்கவேண்டும். அப்படி அடைத்தபின் அவனிடம் யாரை நேசிக்க என்ன மிஞ்சும்? கிறிஸ்து நமக்காகச் சாபமானார் என்று கலாத்தியர் 3:13 சொல்வது உண்மைதான். ஆனால் கைவிடப்பட்ட அந்த மணி நேரத்திலும் அவர் "என் தேவனே" என்றே கூப்பிட்டார்.

சபை வரலாற்றில் இது புதிய விவாதமும் அல்ல. தன் நித்திய நலனையே துறக்கும் அளவுக்கு அன்பு தூய்மையாக முடியுமா என்ற கேள்வியில்தான் பிரான்சில் ஃபெனலோன் என்ற பேராயருக்கும் பொசுவே என்ற ஆயருக்கும் பெரும் மோதல் மூண்டது. 1699-இல் போப் பன்னிரண்டாம் இன்னொசென்ட் ஃபெனலோனின் நூலிலிருந்து 23 கூற்றுகளைக் கண்டித்தார், ஃபெனலோனும் பணிந்தார். நமக்கு இன்னும் பரிச்சயமான காட்சி இராமானுசருடையது. திருமந்திரம் எனப்படும் எட்டெழுத்து மந்திரத்தை வெளியிட்டால் நரகம் என்று ஆசாரியர் எச்சரித்திருந்தும், நான் ஒருவன் நரகம் புகுந்தாலும் இத்தனை பேர் உய்வார்களே என்று அவர் எல்லாருக்கும் சொல்லிவிட்டதாக வைணவ மரபு பேசுகிறது. அதைக் கேட்ட ஆசாரியர் அவரை நரகத்துக்கு அனுப்பவில்லை, எம்பெருமானாரே என்று அணைத்துக்கொண்டார் என்பதுதான் அந்தக் கதையின் முடிவு. நம் இறையியலும் அவர்களுடையதும் வேறு என்பதை அறிவேன். ஆனாலும் இராமானுசரும் மோசேயும் அந்த வார்த்தையைத் தாங்களாகவே சொன்னார்கள்; மைக்கைப் பிடித்துக்கொண்டு யாரும் அவர்களிடம் அதைக் கேட்டு வாங்கவில்லை.

என் மனத்தாங்கலும் அங்கேதான். பிள்ளையைச் சாகக் கொடுக்கும் தாய் ஒருத்தி, என்னை எடுத்துக்கொண்டு அவனைச் சேர்த்துக்கொள்ளும் ஆண்டவரே என்று கதறினால், அதை உபதேசப் பிழை என்று திருத்த நான் துணியமாட்டேன்; நீங்களும் திருத்தாதீர்கள். அந்தக் கதறலைத் தேவன் எப்படிக் கேட்கவேண்டுமோ அப்படிக் கேட்பார். ஆனால் அவளிடமிருந்து தானாகப் பீறிட்ட வார்த்தையை, பிறர் இரட்சிப்புக்காகத் துடிக்கும் பாரம் இன்னதென்றே அறியாத பிள்ளைகளிடம் கை தூக்கச் சொல்லி வசூலிப்பது வேறு காரியம். உணர்ச்சிவசப்படுகிறவன் அன்று அழுதுவிட்டு மறந்துபோகிறான். மனச்சாட்சி கூர்மையான பிள்ளையோ, தன் பேரைத் தானே கிறுக்கிவிட்டோமோ என்று வருஷக்கணக்காய்ப் பயந்து சாகிறான்.

ஆத்தும பாரத்தைக் குறைத்துப் பிரசங்கியுங்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்பதற்கு வேறு உண்டு, அது இன்னும் கடினமானது. எந்த இனத்தாருக்காகப் பவுல் சபிக்கப்பட விரும்பினானோ, அந்த யூதர்களிடம் ஐந்துமுறை ஒன்று குறைய நாற்பது அடி வாங்கினதாக அவனே எழுதுகிறான். கூட்டிப் பார்த்தால் 195 அடி. அதற்குப் பின்னும் அவன் அவர்களுடைய ஜெப ஆலயங்களுக்குப் போவதை நிறுத்தவில்லை. மோசே, பேர் கிறுக்கப்படாமலே, முறுமுறுக்கிற அதே ஜனத்தோடு வனாந்தரத்தில் நாற்பது வருஷம் நடந்து, கானானுக்குள் கால் வைக்காமலே மரித்தான். நேரம், பணம், தூக்கம், நற்பெயர், வேண்டுமானால் உயிர், இவையெல்லாம் கொடுக்கக்கூடியவை. இவற்றைக் கேளுங்கள். இவற்றுக்குக் கை தூக்குகிறவர்கள் குறைவாகவே இருப்பார்கள் என்பதையும் எதிர்பார்த்தே கேளுங்கள்.

இதற்கு முன்பே அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். அன்று கை தூக்கினவர்களில் யாராவது இன்னும் உங்கள் சபையில் இருந்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்தபின் அவர்களைத் தனியே உட்காரவைத்து, அது கணக்கில் ஏறவில்லை என்று உங்கள் வாயாலேயே சொல்லுங்கள்.

இப்படிக்கு,
அந்த இரவில் கை தூக்கின ஒரு விசுவாசி